மவுஸை ஆட்டச் சொன்ன சர்வர்

ஃபைல்களை என்கிரிப்ட் செய்யும் ஜிபிஜி மென்பொருளுக்கு அசைக்க முடியாத ஒரு நம்பிக்கை உண்டு: மனுஷன் என்று ஒருவன் இருந்தால் அவன் கம்ப்யூட்டருக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பான். வீட்டில் இருந்தபடி எஸ்எஸ்ஹெச் வழியாகக் கடல் கடந்த சர்வர்களை மேய்க்கும் என் போன்றவர்களை அது இன்றுவரை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை.

புதிதாக ஒரு சாவி உருவாக்கச் சொல்லிப் பாருங்கள். ரேண்டம் பைட்டுகள் நிறையத் தேவைப்படுகின்றன, கீபோர்டைத் தட்டுங்கள், மவுஸை ஆட்டுங்கள் என்று பவ்யமாகக் கேட்கும். சர்வர் இருப்பதோ ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏதோ ஓர் இரும்பு ரேக்கில். அதற்கு மவுஸே கிடையாது. இங்கே நான் எவ்வளவு ஆட்டினாலும் என் மேஜைதான் துடைபடும். முன்பெல்லாம் போதுமான பைட்டுகள் சேரும்வரை சர்வர் அப்படியே உறைந்து நிற்கும். நாம் போய் டீ குடித்துவிட்டு வரலாம். 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 கர்னலில் இந்தக் காத்திருப்பை ஒழித்துவிட்டார்கள். மவுஸை ஆட்டச் சொல்வதை மட்டும் ஜிபிஜி விடவில்லை.

எதிரே உட்கார்ந்தவர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்? இதற்கெல்லாம் மூதாதை 1991-இல் பில் ஜிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி. அதன் 5.0 பதிப்பை 12 பேரிடம் கொடுத்து, 90 நிமிட அவகாசமும் கொடுத்துச் சோதித்த ஓர் ஆய்வு 1999-இல் வந்தது. அதில் மூன்று பேர் ரகசியத்தைப் பச்சையாக அப்படியே மெயிலில் அனுப்பிவைத்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் கையில் மவுஸ் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டெஸ்க்டாப் உண்டு. அதன் திரையைப் பூட்டக் கூடாது என்பது எழுதாத சட்டம். (யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையில் கை காட்டுவார்கள்.) ஒருநாள் ராத்திரி வீட்டிலிருந்து அதற்குள் நுழைந்து, ஒரு பேக்கப்பை டிகிரிப்ட் செய்யக் கட்டளை கொடுத்தேன். கர்சர் நின்றது நின்றபடி. பாஸ்வேர்டும் கேட்கவில்லை, எரரும் வரவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் வேலையை ஜிபிஜி தன் கையால் செய்யாது. பின்என்ட்ரி என்ற எடுபிடியை அனுப்பும். அந்த எடுபிடி என் டெர்மினலை ஏறெடுத்தும் பாராமல், ஆளில்லாத அலுவலகத்துத் திரையில் போய்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. தகவல் எனக்கு வந்தது செக்யூரிட்டி அண்ணனின் போன் வழியாக.

"சார், உங்க சீட்டுக்குப் பக்கத்து கம்ப்யூட்டர்ல திடீர்னு ஒரு பெட்டி வந்து நிக்குது. பாஸ்வேர்டு கேக்குது."

"ஒண்ணுமில்லண்ணே, நான்தான் வீட்லேர்ந்து..."

"அதானே பாத்தேன். சொல்லுங்க சார், நானே அடிச்சு விட்டுடுறேன். மொத எழுத்து பெருசா, சிறுசா?"

பேக்கப்புக்குப் போட்ட ஏஇஎஸ்-256 பூட்டை வெறும் முயற்சியால் உடைக்க உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாது. அன்பாகக் கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல மட்டும் அதில் வழி எதுவும் இல்லை. கன்ட்ரோல்-சி அடித்தேன். "போயிடுச்சு சார், நான் எதையும் தொடல" என்றார்.

இப்போது பின்என்ட்ரி மோடை லூப்பேக் என்று வைத்துவிடுகிறேன். கேள்வி என் டெர்மினலுக்கே வருகிறது. பக்கத்து சீட்டுத் தம்பி இதைவிடச் சுலபமான வழி சொன்னான்: பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே சேர்த்து அடித்துவிட வேண்டுமாம். அடிக்கலாம். அது பேஷ் ஹிஸ்டரி ஃபைலில் பத்திரமாகப் போய் உட்காரும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிஎஸ் கட்டளை போட்டால் அதே மெஷினில் இருக்கும் அடுத்தவனுக்கும் தெரியும். அதற்கு செக்யூரிட்டி அண்ணனிடமே சொல்லிவிடலாம். அவராவது ராத்திரியில் மட்டும்தான் இருப்பார்.

லூப்பேக் வைத்த சில நாளில் அவரிடமிருந்து மறுபடி போன்.

"என்ன சார், பெட்டியே வர்றதில்ல? வேலைய விட்டுட்டீங்களா?"