வாரம் 5 நாள் வரச் சொன்ன மேலிடத்துக்கு

அனுப்புநர்: மாயவரத்தில் இருந்தபடி தங்கள் கம்பெனிக்குக் கோடு எழுதும் ஊழியன்.

பெறுநர்: மனிதவளத் துறைத் தலைவர் அவர்கள், ஓஎம்ஆர், சென்னை (தற்சமயம் டெக்சாஸ்).

பொருள்: அலுவலகத்துக்குத் திரும்ப உத்தரவிட்டது தொடர்பாக.

ஐயா,

"நேரில் கூடினால்தான் வேலை நடக்கும்" என்று தாங்கள் டெக்சாஸ் வீட்டிலிருந்து அனுப்பிய மெயில் கிடைத்தது.

எங்கள் மாவட்டத்தின் ஜாதகமே வேறு. 2020 மார்ச் 24 அன்று சட்டப்பேரவையில் மயிலாடுதுறையைத் தனி மாவட்டமாக அறிவித்தார்கள். அன்று இரவே பிரதமர் டிவியில் தோன்றி, யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்றார். இப்படிப் பிறந்த மாவட்டத்துக்காரனைத்தான் வெளியே வரச் சொல்கிறீர்கள்.

தங்களை மட்டும் குறை சொல்லவில்லை. 2025 வாக்கில் 25 சதவீத ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020-ல் சொன்ன டிசிஎஸ், 2023 அக்டோபரிலேயே வாரம் 5 நாளும் வரச் சொல்லிவிட்டது. பாவம், 2025 வரைகூடப் பொறுக்க முடியவில்லை.

தூரத்திலிருந்து வேலை பார்ப்பது டெல்டாவுக்குப் புதிதல்ல. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் குடியிருந்த மிராசுதார்கள் அறுவடைக்கு அறுவடை வந்து எட்டிப் பார்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் காரியஸ்தர் பார்த்துக்கொள்வார். நெல் தானாக வந்து சேரும். அவர்களிடம் யாரும் விரல் ரேகை கேட்டதில்லை. விடியுமுன் வயலில் நின்றாக வேண்டியவன் பண்ணையாள். அவனையும் குத்தகைக்காரனையும் காப்பாற்ற 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூருக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. தாங்கள் டெக்சாஸில், தங்கள் மேனேஜர் ஓஎம்ஆரில், நான் பயோமெட்ரிக் வாசலில். காரியஸ்தரின் பெயர்தான் மாறியிருக்கிறது.

ஆள் நேரில் இருந்தே தீர வேண்டிய வேலை எது என்பதும் எங்களுக்குத் தெரியும். குறுவை அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு, அப்பா தார்ப்பாயும் கையுமாக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். வானம் கறுத்தால் மூட வேண்டும். வெயில் வந்தால் கிளறிவிட வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பிவிடுவார்கள். அதை ஜூமில் பார்க்க முடியாது. நான் எழுதும் ஜாவாவுக்கு என்ன, மழையில் நனைந்து முளைத்துவிடுமா?

இன்னொரு சந்தேகம். இந்த ஆண்டிலிருந்து கோடில் பாதியை ஏஐ எழுதும் என்று அதே மெயிலின் மூன்றாம் பத்தியில் பெருமைப்பட்டிருக்கிறீர்கள். அது வாரம் எத்தனை நாள் அலுவலகம் வரும்? அதற்குக் கேபின் ஒதுக்கியாகிவிட்டதா? கட்டட லீஸ் முடியும்வரை நாற்காலிகளில் யாராவது உட்கார்ந்தாக வேண்டும் என்பது புரிகிறது. அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

ஐப்பசிக் கடைமுகத்துக்கு வந்து சேர முடியாத முடவனுக்காக, மறுநாள் கார்த்திகை முதல் தேதியும் காவிரியில் முழுகலாம், பலன் குறையாது என்று சலுகை கொடுத்த சாமி எங்கள் ஊர்ச் சாமி. தங்கள் மெஷினோ 9.31-க்கே அரை நாளைப் பிடித்துக்கொள்கிறது.

கூடித்தான் ஆக வேண்டுமென்றால், 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறந்திருக்கிறார்கள். அங்கே நாலு நாற்காலி வாடகைக்கு எடுங்கள். காலை ரயிலைப் பிடித்து வந்துவிடுகிறேன். தாங்களும் வர வேண்டும். நேரில்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்

பி.கு.: பதிலை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நாளை எங்கள் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது.