மாப்ள, அந்தச் செட்டக் கழட்டப் போறயாமே!

வா மாப்ள, வா. கார் எடுத்துட்டயாமே! மதுரையில ஒரு ஆபீசரு ஓட்டுன வண்டியாம், சிங்கிள் ஓனராம், ஒரு கீறல் இல்லையாம். ஊரு முழுக்கக் காட்டி முடிச்சுட்டு, கடைசியாத் தாய்மாமன் வாசலுக்கு வந்துருக்க பாரு, அந்த மரியாதை போதும் எனக்கு.

அதுல பழைய ரேடியோ செட்டு இருக்குதுன்னு ஒனக்கு ராத்திரித் தூக்கம் இல்லையாம்ல. எந்தங்கச்சி சொல்லி அழுதா. சீடி போட ஒரு வாயி, திருகுறதுக்கு ஒரு நாப்பு, அமுக்க ஆறு பட்டன். அதப் பிடுங்கிப் போட்டுட்டு அகலமா டச் ஸ்கிரீன் மாட்டணும்கிற. மாட்டு மாப்ள, நல்லா மாட்டு. நாலு வழிச்சாலையில முன்னால டாரஸ் லாரி, பின்னால ஆம்னி பஸ்ஸு, நடுவுல நீ. பாட்டு எந்த மூலையில கெடக்குன்னு திரையில கண்ணால துழாவிக்கிட்டே போனாத்தான் பயணத்துல ஒரு விறுவிறுப்பு இருக்கும். நாப்புல என்ன இருக்கு? கண்ணு ரோட்டுல இருக்கும்போதே வெரலு தானாப் போயித் திருகிட்டு வந்துரும். சப்புன்னு போயிரும்.

கழட்டுறதும் லேசுதான். ஜெர்மன்காரன் அந்தக் காலத்துலயே 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம்னு ஒரு அளவு வச்சுட்டான். கடையில சிங்கிள் டின்னுங்கிறாங்களே, அதுதான். அந்த அளவுப் பொந்து இருந்தா, எந்தக் கம்பெனி செட்டும் எந்தக் கம்பெனி வண்டியிலயும் உக்காரும். 1932-ல ஐரோப்பாவுல மொத மொதலா புளோபுங்க்ட் கம்பெனி கார் ரேடியோ விட்டப்ப, ஒரு சின்னக் காரு விலையில மூணுல ஒரு பங்கு அந்த ரேடியோவுக்கே ஆச்சு. நீ குடுத்த காரு விலையையும், பாத்து வச்சிருக்கிற ஸ்கிரீன் விலையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தேன். தொண்ணூறு வருசத்துல ஒலகம் பெருசா ஒண்ணும் மாறல.

மாட்டுறப்ப எலெக்ட்ரீசியன் பக்கத்துலயே நில்லு. டீக்கடைக்குப் போயிராத. மஞ்ச வயருல எப்பவும் கரண்டு இருக்கும். செட்டு ஞாபகம் வச்சிருக்கிறது அந்தக் கரண்டுலதான். செவப்பு, சாவி திருகுனா மட்டும் உசுரு வர்ற வயரு. ரெண்டையும் மாத்திக் குடுத்துட்டான்னு வையி, ராத்திரி சாவிய எடுத்த ஒடனே நீ தேடித் தேடிச் சேத்த ஸ்டேசன், மணி, எல்லாத்தையும் செட்டு மறந்துரும். காலையில மறுபடி ஆனா ஆவன்னா. ரெண்டையும் ஒண்ணா முறுக்கிப் பேட்டரியோட சேத்துட்டான்னா இன்னும் வேடிக்கை. சாவிய எடுத்தாலும் செட்டு அணையாது. பேட்டரி படுத்துரும். அப்ப வண்டி தள்ளுறதுக்கு மட்டும் மாமன் ஞாபகம் வரும் ஒனக்கு.

கறுப்பு வயரு எர்த்து. ஆக்சிலேட்டர அமுக்க அமுக்க ஸ்பீக்கருக்குள்ள கொய்ங்குன்னு ஒரு சத்தம் கூடவே ஏறுதுன்னா, ஆல்டர்னேட்டரோட எரைச்சல் பாட்டுக்குள்ள பூந்துருச்சுன்னு அர்த்தம். பெரும்பாலும் எர்த்துக் கோளாறுதான். பாடியில பெயிண்ட்டச் சொரண்டிட்டு இரும்போட இரும்பா முடுக்கச் சொல்லு. எர்த்தப் பத்தி மட்டும் எனக்குப் பாடம் எடுக்காத மாப்ள. பட்டாசு கட்டுற பயராபீசுல போர்மேனா இருந்தவன் நான். மருந்து ரூம்புக்குள்ள காலு வைக்கிறதுக்கு முந்தி, வாசல்ல செப்புத் தகட்டத் தொட்டு ஒடம்புல ஏறியிருக்கிற கரண்ட எறக்கிட்டுத்தான் போகணும். நைலான் சேலை கட்டி வந்த பொம்பளைய அப்படியே வீட்டுக்குத் திருப்பி விட்டுருக்கேன். அதுல கால்வாசி ஒழுங்கு ஒன் எலெக்ட்ரீசியனுக்கு இருந்தாப் போதும்.

பேட்டரிய மாத்துனாலோ கழட்டுனாலோ சில செட்டுல 'கோடு' கேக்கும். நாலு நம்பரு. திருடன் தூக்கிட்டுப் போனா அவனுக்குப் பாடக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் போட்ட பூட்டு. தப்புத் தப்பாப் போட்டா பூட்டிக்கிட்டு மணிக்கணக்குல முறைக்கும். நம்பரு எழுதுன அட்டை அந்த ஆபீசரு குடுத்த புஸ்தகத்துக்குள்ள இருக்கும். நீதான் அந்தப் புஸ்தகத்தப் பிரிக்கவே இல்லையே. தெருக்கோடி வீட்டுப் பிள்ளையோட பெறந்த நாளப் போட்டுப் பாரு, தெறந்தாலும் தெறக்கும்.

ஸ்டேசன் பிடிக்கத் தெரியுமா? பிடிச்ச ஒடனே ஒண்ணாம் நம்பர் பட்டன ரெண்டு மூணு நிமிசத்துக்கு... பதறாத, ரெண்டு மூணு செகண்டுதான், அமுக்கியே பிடிச்சாப் பதிஞ்சுரும். கொடைக்கானல் 100.5-ஐ மொத பட்டன்ல வையி. எப்.எம். அலை நேராப் போறது. ஒசரத்துல நிக்கிறவன் பேச்சு தூரம் எட்டும். அவன் மலை உச்சியில நிக்கிறான். அவனுக்கும் நம்ம கரிசக்காட்டுக்கும் நடுவுல பனைமரத்த விட்டா மறைப்பு ஏது?

சூரியன் 93.5, ஹலோ 106.4. மதுரையிலயும் அதே நம்பரு, திருநெல்வேலியிலயும் அதே நம்பரு. நீ விருதுநகர்ல கெளம்பி கோவில்பட்டிப் பக்கம் போறப்ப, சாத்தூரு தாண்டி ஏதோ ஒரு எடத்துல மதுரை நகைக்கடை வெளம்பரம் பாதியில நிக்கும், திருநெல்வேலிக்காரன் பாட்டு பாதியில எந்திரிக்கும். ரெண்டு பேரும் கொஞ்ச தூரத்துக்கு மாத்தி மாத்தி இழுத்துக்கிடுவாங்க. எப்.எம். செட்டு ரெண்டையும் கலந்து குடுக்காது. எவன் கை ஓங்கியிருக்கோ அவனத் தூக்கிக்கிட்டு மத்தவன அமுக்கிரும். செட்டு கெட்டுப் போச்சுன்னு நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டுறாத.

ஒன் சேக்காளி ஒருத்தன் 'ஜப்பான் செட்டு மாமா, வெலை மலிவு'ன்னு பீத்துனான். பழைய ஜப்பான் செட்டுல எப்.எம். 76-ல தொடங்கி 90-ல முடிஞ்சுரும். நான் சொன்ன ஸ்டேசன் பூராவும் அதுக்கு மேல. அதுல நீ கேக்கக்கூடிய ஒரே நிகழ்ச்சி 'ஸ்ஸ்ஸ்'தான். அமெரிக்காச் செட்டுன்னா வேற கூத்து. 106.3-லருந்து 106.5-க்குத் தாவிரும், ஹலோ நடுவுல கெடந்து கத்தும். ஏ.எம்.-லயும் அப்படித்தான். அவன் 10, 10-ஆத் தாவுறவன், நாம 9, 9-ஆ. திருநெல்வேலி 1197, மதுரை 1269. ரெண்டும் ஒம்பதால வகுபடும். நீ வகுக்க வேண்டாம், ஒன் கணக்கு மார்க்கு எனக்குத் தெரியும், நானே வகுத்துட்டேன்.

ஏ.எம்.னு சொன்னதும் மூஞ்சி சுருங்குது பாரு. அந்தப் பட்டன்ல இருக்கிற தூசியே சொல்லுது, ஆபீசரும் தொட்டதில்ல, நீயும் தொட்டதில்ல. நீ மாட்டப் போற ஸ்கிரீன்கள்ல நெறயாத்துக்கு மீடியம் வேவே கெடையாது. கேட்டா, அதெல்லாம் இப்ப யாரு கேக்குறாம்பான். நான் கேக்குறேன்ல? ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீசுல வருசா வருசம் லைசென்ஸ் பணம் கட்டுன காலத்து ஆளு நான். திருநெல்வேலி ஸ்டேசன் 1963-ல வந்தது. அதுக்கும் முந்தியே கொழும்பு ரேடியோ நம்ம காதுல இருந்துச்சு. கடல் மேல தடையில்லாம வர்ற அலை, பட்டப்பகல்லயே கணீர்னு கேக்கும். அங்க அறிவிப்பாளருக மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது. அவுக குரல நடிச்சுக் காட்டாத எளவட்டம் தீப்பெட்டி ஆபீசு வாசல்ல கெடையாது. பெறகு தூத்துக்குடியில 1053-ல 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வச்சு நம்மாளுக இங்கருந்து இலங்கைக்குப் பேச ஆரம்பிச்சாங்க. இருக்கட்டும், பழங்கதை ஒனக்கு எதுக்கு.

ஏ.எம். எதுக்கு வேணும்கிறதுக்கு ஒரு இடி கதை இருக்கு, கேளு. பயராபீசுல போர்மேனுக்குப் பெரிய பயம் எது தெரியுமா? மொதலாளி இல்ல. மானம்தான். சித்திரை வைகாசியில உச்சி வெயில் சாஞ்சதும் மேக்க, மலைப்பக்கம் கருக்கும். மின்னல் ஒண்ணு வெட்டுச்சுன்னா வேலைய அப்படியே போட்டுட்டு ஆளுகள ரூம்ப விட்டு வெளிய ஏத்தணும். இடிச்சத்தம் மிஞ்சிப் போனா பதினஞ்சு, இருவது கிலோமீட்டர்தான் கேக்கும். காதுல விழுறப்ப மின்னல் தலைக்கு மேல வந்துருக்கும். அதுக்கும் முந்தித் தெரிய ஒரே ஒரு சாமான் இருந்துச்சு. கேட்டுக்கு வெளிய வாச்மேன் ரூம்புல ஒரு டிரான்சிஸ்டரு. மீடியம் வேவ்ல எந்த ஸ்டேசனும் இல்லாத எடத்துல, கீழ்க் கடைசியில முள்ள நிறுத்திருவோம். எங்கிட்டாவது மின்னல் வெட்டுனா 'கடக்'னு ஒரு முறிவு விழும். ஒவ்வொரு மின்னலும் பெரிய ரேடியோ அலைய வீசுது மாப்ள, அது நூறு கிலோமீட்டர் தாண்டியும் ஏ.எம். செட்டுல ஏறும். முறிவு அடிக்கடி விழுந்து, பலமும் கூடிக்கிட்டே வந்தா மழை நம்ம பக்கம் நகருதுன்னு கணக்கு. எப்.எம். இந்தச் சத்தத்த வடிகட்டிருது. பாட்டு சுத்தமா வரும், நீயும் சுகமா நனைவ.

கார்லயும் அந்த வித்தைதான். ஆட்ட மேயவிட்டுட்டு வந்தவ, வத்தல் காயப் போட்டவ, ரோட்டுல நின்னு 'மழை வருமா தம்பி'ன்னு கேட்டா, ஏ.எம். வச்சுப் பாத்துப் பதில் சொல்லு. ஊருல ஒனக்கும் ஒரு மதிப்பு வரும். மின்னல் தலைக்கு மேல வந்துட்டா மட்டும் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, கைய மடியில வச்சு உக்காரு. அந்நேரம் பாத்து நாப்பத் திருகாத.

சீடிக்கு வருவோம். சோனியும் பிலிப்சும் சேந்து 1982-ல கொண்டாந்த தட்டு. ரெண்டே வருசத்துல, 1984-ல, பயனியரும் சோனியும் காருக்குள்ள ஏத்திட்டாங்க. 12 சென்டிமீட்டர் அகலம், 74 நிமிசப் பாட்டு. கிராமபோன் பிளேட்டு வெளியருந்து உள்ள போகும்; இது உள்ளருந்து வெளிய வரும். தொடக்கத்துல நிமிசத்துக்கு 500 சுத்து, கடைசி ஓரத்துக்கு வர்றப்ப 200. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அடியிலருந்து அதப் படிக்குது. பேரு எழுதுன பக்கம் மேல இருக்கணும்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியலன்னாலும் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டு.

நீ அடிப்பக்கத்தக் குழந்தையத் தூக்குற கணக்காத் தூக்கி, பேரு எழுதுன பக்கத்த டாஷ்போர்டுல தேய்ச்சு வைக்கிறயே, அங்கதான் இருக்கு கூத்து. பாட்டு பதிஞ்ச படலம் அந்தப் பேரு எழுதுன பக்கத்துக்கு ஒட்டுனாப்புல, ஒரு மெல்லிசு வார்னிசுக்கு அடியில இருக்கு. அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல கெட்டிப் பிளாஸ்டிக்கு. அங்க கீறுனாத் தேய்ச்சுச் சரி பண்ணலாம். மேல கீறுனா பாட்டே உரிஞ்சு போயிரும். தொடைக்கிறதும் வட்டமாத் தொடைக்காத. நடுவுலருந்து ஓரத்துக்கு நேரா இழு. பாட்டு வட்ட வட்டமா எழுதியிருக்கு. கீறலும் அதே வாக்குல விழுந்தா ஒரே பாட்டுல ரொம்ப தூரத்த அழிச்சுரும், குறுக்க விழுந்தாச் செட்டே சமாளிச்சுக்கிடும்.

இன்னொண்ணு, சிவகாசிக்காரனா இருந்தாலும் இத மட்டும் கேளு. லேபிள் ஒட்டாத. மத்தாப்புப் பொட்டிக்கு ஒட்டு, தீப்பெட்டிக்கு ஒட்டு, ஒன் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டு. சீடியில ஒன் மூஞ்சிய ஸ்டிக்கரா அடிச்சு ஒட்டிச் செட்டுக்குள்ள விட்டயின்னா, அக்கினி நச்சத்திர வெயில்ல பசை எளகி, ஸ்டிக்கர் உரிஞ்சு, தட்டு உள்ளயே சிக்கிக்கிடும். ஒன்னய உள்ள வச்சுக்கிட்டு வெளிய விட மாட்டேங்குதுன்னு நீ அழுவ. ஒரு தட்டு உள்ள இருக்கப்ப இன்னொண்ணத் திணிக்கிறதும், ஒங்க அக்கா மகன் அந்த வாயில ரெண்டு ரூபாக் காசு போட்டுச் சாமி கும்பிடுறதும் அதே சேதாரத்துலதான் முடியும். பள்ளத்துல பாட்டு குதிச்சா, குத்தம் தட்டு மேல இல்ல, ரோடு அப்படி. தேஞ்சு போன தட்ட எறிஞ்சுறாத, எங்கிட்டக் குடு. கம்மம்புஞ்சையில கட்டித் தொங்கவிட்டா வெயில்ல பளிச்சு பளிச்சுன்னு அடிச்சுப் பறவைய வெரட்டும். மயிலு மட்டும் அஞ்ச மாட்டேங்குது. அழகு பாத்துட்டுத் தின்னுட்டுப் போகுது.

டிக்கியில பெரிய பொட்டி ஸ்பீக்கரு வைக்கப் போறதாவும் கேள்வி. ரொம்ப சரி. நாங்க கட்டுற வெடிக்கு 1999-ல ஒரு சட்டம் போட்டாங்க. 4 மீட்டர் தள்ளி நின்னு அளந்தா 125 டெசிபலத் தாண்டக்கூடாதுன்னு. நீ ஒன் பொட்டியக் கைக்கெட்டுற தூரத்துல, அதுவும் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு வைக்கிற. ஒனக்குச் சட்டம் போட ஆளில்ல. நாடு முழுக்கக் கேக்குற சத்தத்த உருட்டிச் சுருட்டிக் கட்டுன எங்க ரூம்புல ஒரு பாட்டு கேட்டதில்ல மாப்ள. ரூம்புக்குள்ள கரண்டு கெடையாது, ரேடியோ கெடையாது, போனு கேட்டோட சரி. பகல் வெளிச்சத்துல பேச்சு மட்டும்தான். அதனாலதானோ என்னமோ, ரிட்டையர் ஆனவனுக்கெல்லாம் பாட்டு மேல இம்புட்டு ஆசை.

ஆகட்டும், நீ முடிவு பண்ணிட்ட, மாட்டிக்க. கழட்டுறப்ப மட்டும் ஒரு வேலை பண்ணு. எலெக்ட்ரீசியன வயர வெட்டவிடாத. சாக்கெட்டோட உருவச் சொல்லு. கழட்டி மாட்டுற முகப்பு, அந்தக் கோடு எழுதுன அட்டை, ஆன்டெனா வயரு, எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கட்டச் சொல்லு. பழைய ஸ்பீக்கரு ரெண்டும் ஒனக்கு எதுக்கு, அதையும் அதுலயே போடு. மோட்டார் ரூம்புல டிராக்டர் பேட்டரி ஒண்ணு சும்மா கெடக்கு, 12 வோல்ட்டு, நல்லா சார்ச் நிக்கிது. மஞ்சளையும் செவப்பையும் நான் பாத்துக்கிடுறேன். சாயங்காலம் இந்தப் பக்கம் வர்றப்ப அப்படியே கொண்டாந்து குடுத்துரு.