குதிரையில்லாக் குதிரைப்படை: தொப்பிச் சின்னங்கள் குறித்து ஓர் ஆய்வு

பிரிட்டிஷ் குதிரைப்படை ரெஜிமென்ட்டுகளின் தொப்பிச் சின்னங்களைப் பரப்பி வைத்துப் பார்ப்பவருக்கு முதலில் எழ வேண்டிய ஐயம், அறிஞர் உலகில் இன்னும் போதிய அளவு எழாத ஐயம், ஒன்றுண்டு: குதிரை எங்கே? கழுகு இருக்கிறது, மண்டையோடு இருக்கிறது, இளவரசரின் இறகுகள்கூட இருக்கின்றன. சாம்பல் நிறக் குதிரைகளுக்கே பேர்போன ஸ்காட்ஸ் கிரேஸ் படையும் தொப்பியில் வைத்திருந்தது பறவையைத்தான். 1815-இல் வாட்டர்லூவில் சார்ஜென்ட் சார்ல்ஸ் யூவார்ட் பிரெஞ்சு 45-ஆம் ரெஜிமென்ட்டிடமிருந்து பறித்த கழுகு அது. அவரைச் சுமந்துபோன பிராணிக்குச் சின்னத்தில் ஒரு குளம்பளவு இடமும் இல்லை. நடந்தே போர்புரிந்த லிவர்பூல் காலாட்படையின் தொப்பியிலோ வெள்ளைக் குதிரை பாய்கிறது. எனவே நம் துணிபு இது: ஒரு படை தன்னிடம் இல்லாததையே தொப்பியில் குத்திக்கொள்கிறது. சொந்த வீட்டுக்காரர் தம் வீட்டைப் படமெடுத்துக் கூடத்தில் மாட்டுவதில்லை அல்லவா?

மூன்றாம் ஹுஸார்களின் சின்னத்தில் குதிரை உண்டே என்பாரும் உளர். அது ஹானோவர் அரச குடும்பத்துக் குதிரை. ஏறிச் செல்லக் கிடைக்காது. 17-ஆம் லான்சர்களின் மண்டையோட்டுக்கும் விளக்கம் எளிது. கியூபெக்கில் ஜெனரல் உல்ஃப் இறந்த செய்தியை லண்டனுக்குக் கொண்டுவந்த ஜான் ஹேல் 1759-இல் திரட்டிய படை அது; மண்டையோடு அந்த மரணத்தின் நினைவு. அணிந்திருப்பவர் உயிரோடிருக்கும்வரை அது அவருடைய மண்டையோடு ஆகாது. கிங்ஸ் டிராகூன் கார்ட்ஸ் கதை இன்னும் தெளிவு. 1896-இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் அவர்களுடைய கௌரவத் தலைவரானார். அதையொட்டி இருதலைக் கழுகு வந்தது. முதல் உலகப்போரில் அவர் எதிரியாகிவிட, கழுகைக் கழற்றினார்கள். 1937-இல் அது திரும்பிவந்தபோது அந்தப் பேரரசே உலகில் இல்லை. இனி எவரும் ஆட்சேபிக்க முடியாது! டாங்கிப் படையின் சின்னத்தில் டாங்கி இருப்பதைக் காட்டி மடக்கப் பார்ப்பவர்கள் சற்று உற்றுப் பார்க்கட்டும். அது முதல் உலகப்போர்க் காலத்துச் சாய்சதுர டாங்கி, இன்று அருங்காட்சியகத்தில்தான் கிடைக்கும். லான்சர்களின் குறுக்கிட்ட ஈட்டிகள் மட்டும் மெய்யான சிக்கல், ஏனெனில் ஈட்டி அவர்கள் கையிலேயே இருந்தது. ஆனால் 1927-இல் ஈட்டி சடங்குக்கு மட்டும் என்றாயிற்று. சின்னத்தில் அது நீடித்தது. நம் கோட்பாட்டுக்குக் காத்திருக்கவும் தெரியும்.

அதிகாரிகள் அணியும் தையல் சின்னம் இதற்குப் பொருள்வகைச் சான்று. வாரணாசி ஜர்தோசிக் கைவினைஞர்கள் இதில் வல்லவர்கள். நூல்போல் மெல்லிய சுருள்கம்பியைக் குட்டித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பாசிமணிபோல் ஊசியில் கோத்து, மேடாக்கிய அடித்துணிமேல் நெருக்கமாகத் தைப்பார்கள். கழுகின் நெஞ்சு புடைப்பது அடியில் கொடுத்த திணிப்பால். தங்கம் போல் மின்னுவது பெரும்பாலும் முலாம். கம்பிச் சுருளுக்குள் தையல் நூலைத் தவிர ஒன்றுமில்லை. இல்லாததைக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஊடகம் வேறேது?

எஞ்சுவது 11-ஆம் ஹுஸார்கள். 1928-இல் முதன்முதலாகக் குதிரையை இழந்து கவச வண்டிக்கு மாறிய இரு படைகளுள் ஒன்று. நம் கணக்குப்படி குதிரைச் சின்னத்துக்கு முழு உரிமை பெற்றவர்கள். அவர்களோ பழுப்பு பெரே தொப்பியில் சின்னமே குத்தவில்லை. குதிரை போயும் அவர்களுக்குக் குறை தோன்றவில்லை என்றே கொள்ளவேண்டும். 1840 முதல் அணிந்துவந்த அந்தச் செந்நிறக் கால்சட்டையை யாரும் பறிக்கவில்லையே.