முதல் நாலு செக்கன் வித்துவான்

முள்ளியவளையில் ஒருவன் எலெக்ரிக் கிற்றார் பழகத் தொடங்கினால் முதலில் வளர்வது தலைமயிர். மற்றதெல்லாம் ஆறுதலாகத்தான் வரும்.

கிற்றார் பெரும்பாலும் கனடா மாமாவின் உபயம். சொக்லேற், கோடாலித் தைலம், அரைப்பழசான சப்பாத்து ஆகியவற்றோடு, தன் மகன் தொட்டும் பாராத கிற்றாரையும் சின்ன அம்ப் ஒன்றையும் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார். மருமகனுக்கு எங்கே பொறுமை? அடப்டர் ஒன்றைப் போட்டுச் சுவரில் செருகிவிடுவான். கனடாவின் கரண்ட் 120 வோல்ட், எங்களது 230 வோல்ட் என்ற விபரம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அம்புக்கு மட்டும் உடனே தெரிந்துவிடும்.

உலகமெங்கும் இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தவர்கள் முதலில் தட்டிப்பார்க்கும் பாட்டு டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’. 1971 டிசெம்பரில் சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரூ நகரில் கசினோ ஒன்று எரிந்து, ஜெனீவா ஏரியின் மேல் புகை படர்ந்ததைக் கண்டு கட்டிய பாட்டு. எங்கள் ஆளுக்கும் புகையோடுதான் ஆரம்பம். ஏரி இல்லை, சாமியறை.

பிறகு வவுனியாவுக்குப் போய் வேறு அம்ப் வாங்கி வருவான். அது எரியாது, இரையும். சுவர்க் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல், கிற்றாரின் சுருளுக்குள் புகுந்து வெளியே வருவது.

“உதுக்குள்ள வண்டு கிண்டு பூந்திட்டுதோ தம்பி?” என்பார் அம்மம்மா.

“அது சிங்கிள் கொயில் அம்மம்மா.”

கம்பியில் கை வைத்தால் இரைச்சல் குறையும். கம்பிகள் ஏர்த்தோடு தொடுக்கப்பட்டிருப்பதால் வரும் விளைவு அது. அவனோ தன் விரலில் ஏதோ விசேசம் இருப்பதாக நினைத்துக்கொள்வான்.

அந்த விசேச விரல் இரண்டாம் நாளே நோகும். “மெத்தென்ற கம்பி அனுப்புங்கோ மாமா” என்று கனடாவுக்கு வொய்ஸ் போகும். மாமா நைலோன் கம்பி அனுப்புவார். பூட்டி, அம்பைத் திருகி, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் சத்தமே இராது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓடியிருக்கும். மேலே உருக்குக் கம்பி அதிர்ந்தால்தான் அதில் மின்சாரம் பிறக்கும். நைலோன் அதிர்வது காந்தத்துக்குத் தெரியாது. வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கிய கிழமை அது ஒன்றுதான்.

அடுத்து பெடல். சத்தத்தைக் கரகரக்க வைக்க ஒன்று, எதிரொலிக்க ஒன்று, என்னத்துக்கென்று அவனுக்கே தெரியாத ஒன்று. தகப்பன் எட்டிப் பார்ப்பார். 1990களின் பொருளாதாரத் தடைக்குள், கரண்டும் பற்றரியும் இல்லாத வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை அவர். “நாங்களும் பெடல் சுத்தித்தான்ரா பாட்டுக் கேட்டனாங்கள். எங்களுக்குப் பாட்டு முழுக்கக் கேட்டது” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அங்கேதான் விசயம் இருக்கிறது. எங்கள் வித்துவானுக்கு எல்லாப் பாட்டும் வரும், முதல் நாலு செக்கன். ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’ தொடக்கம் வரும். 1982இல் வந்த ‘இளைய நிலா’வின் தொடக்கமும் வரும். எஸ்.பி.பி. வாய் திறக்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிடும். அந்தப் பாட்டு வந்த படத்தின் பெயர் ‘பயணங்கள் முடிவதில்லை’. அவன் அதை அப்படியே நம்பிவிட்டான்.

கோவலன் கூத்துக்குப் பேர்போன ஊர் இது. கூத்தாடிய பெரியப்பா ஒருவர் திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். “காப்புப் பாடினா மங்களம் பாடித்தான் நிப்பாட்டுவம். நீ என்னடா எல்லாத்தையும் காப்போட விடுறாய்?” அம்மம்மாவோ, இவன் ஒரு பாட்டையாவது முடித்தால் வற்றாப்பளை அம்மாளாச்சிக்குப் பொங்குவதாக நேர்ந்திருக்கிறார். அரிசி இன்னும் கடையில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவே அவனுக்கு ஒரு சிஷ்யன் வாய்ப்பான். தண்ணீரூற்றிலிருந்து சைக்கிளில் வரும் ஏ.எல். பெடியன். அவனைப் பாயில் இருத்தி உபதேசம் நடக்கும்.

“முதல்ல நகத்தை வெட்டு. ஒவ்வொரு நாளும் ரியூன் பண்ணிப்போட்டுத்தான் தொடு. ஒன்பதாம் நம்பர்க் கம்பி போடு, பத்தை விட மெல்லிசு, அமத்தச் சுகம். நோவுக்குப் பயந்து விட்டிடாத, கொஞ்சக் கிழமையில விரல் நுனி காய்ச்சிடும். மெற்றோனோமை அறுபதில வைச்சு மெதுவா வாசி. பெடலைக் கிட்டவும் எடுக்காத, அது பிழையை மூடி மறைக்கும். அம்பும் வேண்டாம். வயர் குத்தாமலே ராவில பழகலாம், ஒருத்தரும் எழும்பாயினம். ஒரு பாட்டை எடுத்தா அதை முடிச்சிட்டுத்தான் மற்றது.”

ஒரு சொல்லிலும் பிழை பிடிக்க முடியாது. யூரியூப்பில் கேட்டதை அட்சரம் பிசகாமல் வைத்திருக்கிறான். இதில் பாதியைத் தான் செய்திருந்தாலே இந்நேரம் ஊர்க் கலியாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருப்பான்.

சிஷ்யன் கொப்பியை மூடிவிட்டுப் பவ்வியமாகக் கேட்பான்: “அண்ணை, ஒரு பாட்டு முழுக்க வாசிச்சுக் காட்டுங்கோவன்.”

குரு கூரையில் தொங்கும் பல்பை அண்ணாந்து பார்ப்பார்.

“கரண்ட் இல்லையேடா தம்பி.”