யூஷ்வலி சார்

தஞ்சாவூர்ப் பக்கம் கொஞ்சம் பெரிய கிராமமாக இருந்தால் போதும், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் இருந்தே தீருவார். திண்ணை, சாய்வு நாற்காலி, அட்டை போன ரென் அண்ட் மார்ட்டின், சிவப்பு மைப் பேனா. கல்யாணப் பத்திரிகை வைத்தால் பெண் யார், பிள்ளை யார் என்று கேட்பதற்கு முன்னால் ஸ்பெல்லிங் பார்ப்பார். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியின் இங்கிலீஷை வெள்ளைக்காரர்களே மெச்சினார்கள் என்பதில் அவருக்குப் பெருமை. “கணக்குல புலியா இருந்த ராமானுஜனையே இங்கிலீஷ்ல ஃபெயிலாக்கி, ஸ்காலர்ஷிப்பைப் புடுங்கினது நம்ம கும்பகோணம் காலேஜ்!” என்பதில் அதைவிடப் பெருமை.

ஆல்வேஸ், ஆஃபன், நெவர் வகையறா இடம் மாறி உட்கார்ந்தால் அவருக்கு இரத்தக்கொதிப்பு ஏறும். “மெயின் வெர்ப் வந்தா அதுக்கு முன்னாடி. ஆம், இஸ், ஆர் வந்தா பின்னாடி. பந்தியில எடம் பாத்து உக்காரத் தெரியுதுல்ல?” ஆஃபனில் ‘டி’யை உச்சரிப்பவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை ஆல்வேஸ் திறக்கப்படும் என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். “2022ல மே 24லயே தொறந்துட்டான். 2024ல ஜூலை 28 வரைக்கும் தொறக்கல. இதுல என்னய்யா ஆல்வேஸ்? யூஷ்வலின்னு எழுது.” வந்தவரோ குறுவை போன வயிற்றெரிச்சலில் இருந்தவர். அன்றிலிருந்து சாருக்கு, அவர் முதுகுக்குப் பின்னால், இந்தப் பெயர்.

கலெக்டர் ஆபீசுக்கு என்றால் தமிழ் மனுவே போதும். டெல்லியில் இருக்கும் காவிரி மேலாண்மை ஆணையத்துக்கு என்றால் சாரை விட்டால் கதியில்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர் ஒருவர், பழைய மாணவர், தாளை நீட்டினார். ‘வாட்டர் நெவர் நாட் கமிங்.’

“ஏன்டா, தண்ணி வராத நாளே இல்லேன்னுல்ல எழுதியிருக்க? டெல்லிக்காரன் படிச்சுட்டு, ரொம்ப சந்தோஷம்னு ஃபைலை மூடிடுவான்.”

நாட் போயிற்று. கமிங், கம்ஸ் ஆயிற்று. நெவர் மேல் பேனா நின்றது.

“போன ஐப்பசியில உங்க வாய்க்கால்ல ரெண்டு நாள் தண்ணி ஓடுச்சே, பஸ்ல போறப்பப் பாத்தேன். ரேர்லின்னு போடு.”

“ரேர்லின்னா வருதுன்னு ஆயிடும் சார். நெவரே இருக்கட்டும்.”

“பொய்க்கெல்லாம் நான் பேனா தொட மாட்டேன்.”

“அது மழைத் தண்ணி சார்! ஆத்துத் தண்ணியா?”

“அப்படின்னு எங்கடா எழுதியிருக்க? வெறும் வாட்டர்னுதானே இருக்கு?”

மாணவர் தலையைச் சொறிந்தார். “அப்ப காவேரி வாட்டர்னு போட்டுடுங்க. காவேரிக்கு ‘சி’யா சார், ‘கே’யா?”

“அப்படிக் கேளு!” என்று சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.