கடன் கொண்டான்

இராசேந்திர சோழன் கங்கை கொண்டான், கடாரமும் கொண்டான். அவன் ஊர் இருக்கும் அரியலூர்ப் பக்கத்தில் இன்று பிளஸ் டூ முடித்த பிள்ளையின் அப்பா கடன் கொள்கிறார். 7½ லட்சம் தாண்டினால் பெரும்பாலும் வங்கி முந்திரிக்காட்டுப் பத்திரத்தைக் கேட்கும். அந்த ஏழரையைக் குறித்தவர் சாதகம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. மானியம் கிடைக்காத வீட்டில் வட்டி மட்டும் லீவு போடாது.

அரியலூரிலேயே அரசு கலைக் கல்லூரி உண்டு; அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் உண்டு. ஆனால் டவுன் பஸ்ஸில் போய்வரும் காலேஜுக்கு என்ன மரியாதை?

“மாப்ள, பேரு தெரிஞ்ச காலேஜா சேத்துவுடு. கடன் யாருக்குத்தான் இல்ல?” என்கிறார் தாய்மாமன்.

எண்ணாயிரம் என்னும் ஊரில் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று: 340 மாணவர், 14 ஆசிரியர். படிப்பவனுக்குத் தினமும் நெல் அளந்தார்கள். (வேதக் கல்லூரி, நம் முப்பாட்டன்கள் போயிருந்தால் வாசலிலேயே அளந்து அனுப்பியிருப்பார்கள், அது வேறு.)

காலேஜ் தரவரிசையில் எத்தனையாவது என்றால் மாமா சட்டென்று சொல்கிறார். மாதத் தவணை எவ்வளவு என்றால், “அது பேங்க் மேனேஜருக்குல்ல தெரியும்!”