ஜாடிக்குள் ஒரு வானிலை ஆய்வு மையம்

கனடாவில் கஞ்சா மொட்டைத் தொங்கவிட்டுக் காயவைத்து ஜாடியில் அடைத்து, கூடவே ஈரப்பத மீட்டரையும் போடுகிறார்களாமே! வானிலை அறிக்கை வாசிக்கவா?

புயல் சின்னம் பார்க்க! ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வாய்ப்பு. 55க்குக் கீழே இறங்கினால் மொட்டு சருகாகி, வாசனை தரும் டெர்பீன்கள் பறந்துவிடும்.

கனடாவில் 2018 முதல் வீட்டுக்கு 4 கஞ்சா செடி வரை வளர்க்கலாம். கியூபெக்கில் மட்டும் மூச்!

அதான் தொங்கவிட்டுக் காயவைத்தாயிற்றே, அப்புறம் எதற்கு ஜாடி?

காய்ந்தது மேல்தோல், காம்புக்குள் ஈரம் பதுங்கியிருக்கிறது. மூடி போட்டதும் அது மெல்லக் கசிந்து வெளியே வரும். காலையில் 60 என்று சாதுவாக இருந்த மீட்டர், ராத்திரி 70ஐத் தொடுவது இதனால்தான். உடனே மூடியைத் திறந்து காற்று விடுகிறார்கள். முதல் வாரம் முழுக்க இதே வேலை. மல்லாந்து கிடக்க நினைத்து வளர்த்தவர்கள், மணிக்கொருதரம் எழுந்து மீட்டர் பார்க்கிறார்கள்!

மீட்டரே பொய் சொன்னால்?

உப்பைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதுதான். ஒரு மூடியில் சமையல் உப்பைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மீட்டரோடு டப்பாவில் அடைத்து ஒரு ராத்திரி வைத்தால், 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், இனி எப்போதும் நாலு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே இந்தியாவிலும் ஒரு ஜாடி வைத்துப் பார்த்தால்?

மீட்டர் 60 காட்டும். போலீஸ் கம்பி காட்டும்! 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, செடி வளர்த்தாலே 10 ஆண்டு வரை கடுங்காவல். வேடிக்கை என்னவென்றால், இலையும் விதையும் தனியாக இருந்தால் அந்தச் சட்டத்தில் கஞ்சா இல்லை. பூத்த நுனிதான் கஞ்சா, அதாவது ஜாடிக்குள் போகிற அதே மொட்டு.